மடற்குழு அமைப்பதும் நடத்துவதும்: வட சென்னைச் சங்கங்கள் கேட்கும் கேள்விகள்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, வியாசர்பாடி முதல் மணலி வரை உள்ள குடியிருப்போர் சங்கங்கள், கேரம், கால்பந்து மன்றங்கள், வாசகர் வட்டங்கள், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் குழுக்கள் ஆகியவற்றுக்காக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறோம். மடற்குழு என்பது ஒரே முகவரிக்கு எழுதும் மின்னஞ்சலை உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்பி, காப்பகத்தில் சேர்த்துவைக்கும் ஏற்பாடு. மெயில்மேன் 3 என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு அதைச் சொந்தமாக நடத்துவதுதான் பொருள். கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது மடற்குழு எதற்கு?

அவசரச் செய்திக்கு வாட்ஸ்அப் போதும். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று சொல்ல மின்னஞ்சல் தேவையில்லை. ஆனால் மனு, தீர்மானம், கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் அங்கே நிற்பதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அப்போது எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு எந்த மனு போனது என்று இன்று ஒருவர் கேட்டால், பதில் யாரோ ஒருவருடைய பழைய கைப்பேசிக்குள் இருக்கும், அந்தக் கைப்பேசி இன்னும் வேலை செய்தால். மடற்குழுவில் நேற்று சேர்ந்தவரும் பழைய இழைகளை (ஒரே பொருள் பற்றிய மடல் தொடர்களை)த் தேதியோடு படிக்கலாம். உறுப்பினரின் தொலைபேசி எண் மற்றவர்களுக்குத் தெரியாது என்பதும் சிறிய விஷயமல்ல. எண் வெளியே போய்விடும் என்ற அச்சத்தில் குழுவில் சேராத பெண்கள் எல்லாப் பகுதியிலும் இருக்கிறார்கள்.

இலவசச் சேவை ஒன்றில் குழு தொடங்கினால் போதாதா?

யாஹூ குழுமங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழில் இணையம் வளர்ந்த காலத்து மடலாடற்குழுக்கள் பல அங்கேதான் இருந்தன. 2019 இறுதியில் பழைய மடல்களை அகற்றப்போவதாக அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 15 அன்று சேவையையே மூடினார்கள். முன்கூட்டியே நகல் எடுக்காதவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. காப்பகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சங்கத்தின் நினைவும் இருக்கிறது. சொந்த டொமைன் (இணையப் பெயர்), சொந்தக் காப்பகம் என்று வற்புறுத்துவதற்கு அதுதான் காரணம்.

எந்த மென்பொருளைத் தேர்வது?

எல்லோரும் எழுதி எல்லோரும் பதில் சொல்லும் குழு என்றால் மெயில்மேன் 3. இதன் முதல் வெளியீடு 2015இல் வந்தது. பெரிய பல்கலைக்கழகம் போல நூற்றுக்கணக்கான குழுக்களை நடத்துவோர் சிம்பாவைப் பார்க்கலாம். அது பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. நினைவகம் மிகக் குறைந்த சர்வரில் வலைப்பக்கமே வேண்டாம் என்றால் எம்எல்எம்எம்ஜே போதும். சங்கம் மட்டும் அறிவிப்பு அனுப்பும், உறுப்பினர் பதில் எழுத மாட்டார் என்றால் அது செய்திமடல். அதற்கு லிஸ்ட்மங்க் பொருந்தும். லிஸ்ட்மங்கை உரையாடல் குழுவாக்க முயலாதீர்கள், அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் மெயில்மேன் 2 பற்றியவை. அது பைத்தான் 2இல் ஓடுவது, பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மெயில்மேன் 3இல் என்னென்ன பாகங்கள்?

மூன்று பாகங்கள் என்று புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். மடலை வாங்கி, விதி பார்த்து, எல்லோருக்கும் அனுப்புவது கோர். உறுப்பினரும் நிர்வாகியும் பயன்படுத்தும் வலைப்பக்கம் போஸ்டோரியஸ். காப்பகம் ஹைப்பர்கிட்டி. பின் இரண்டும் ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் ஓடுபவை. இணையத்திலிருந்து மடலை வாங்குவதும் இணையத்துக்கு அனுப்புவதும் மெயில்மேன் அல்ல, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் சர்வர் மென்பொருள். அது வந்த மடலை 8024ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கணினியில் ஒரு சேவையை அடையும் வாசல் எண்) கோரிடம் கொடுக்கும். வலைப்பக்கம் 8001ஆம் போர்ட்டில் கோரோடு பேசும். இந்த இரண்டு எண்களும் பிழை தேடும்போது அடிக்கடி கண்ணில் படும்.

தண்டையார்பேட்டை வீட்டில் சும்மா கிடக்கும் கணினியில் ஓட்டலாமா?

கற்றுக்கொள்ள ஓட்டலாம். உண்மையான குழுவை ஓட்ட முடியாது. வீட்டு பிராட்பேண்டில் ஐபி முகவரி அடிக்கடி மாறும், அல்லது பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கும். அத்தகைய முகவரிகளை குப்பை மடலைத் தடுக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு தன் தடைப்பட்டியல் ஒன்றில் மொத்தமாகவே வைத்திருக்கிறது. தலைகீழ் டிஎன்எஸ் பதிவும் (ஐபி முகவரிக்கு எந்தப் பெயர் என்று இணையத்தின் பெயர்ப் பட்டியலில் காட்டுவது) உங்கள் கையில் இராது. இந்த இரண்டும் போதும், ஜிமெயில் உங்கள் மடலை வாசலிலேயே திருப்பிவிடும். ஜிமெயில் கணக்கு வழியாகவே அனுப்பிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். தனிநபர் கணக்கின் வரம்பு நாளுக்கு 500 பெறுநர். 100 பேர் கொண்ட குழுவில் ஐந்து மடலோடு அன்றைய கணக்கு முடிந்தது.

எவ்வளவு பெரிய சர்வர் வாங்குவது?

வாடகை விபிஎஸ் (இணையத்தில் இயங்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்று: 2 ஜிபி ராம், ஒரு சிபியு, 25 ஜிபி வட்டு. சில நூறு உறுப்பினர் கொண்ட நான்கைந்து குழுக்களுக்கு இது தாராளம். 1 ஜிபியில் நிறுவ முடியும். ஆனால் காப்பகத் தேடல் அட்டவணை புதுப்பிக்கும் நேரத்தில் நினைவகம் தீர்ந்து ஏதாவது ஒரு சேவை நின்றுபோகும், எது நின்றது என்று தேடியே அரை நாள் போகும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: வெளியே போகும் 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா? பல மேகக் கணினி நிறுவனங்கள் அதை மூடித்தான் தருகின்றன. சில நிறுவனங்கள் விண்ணப்பித்தால் திறக்கும், சில எந்த நிலையிலும் திறக்காது. சர்வருக்குள் நுழைந்து வெளியில் உள்ள ஏதாவதொரு மடல் சர்வரின் 25ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் செய்து பாருங்கள். 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி வந்தால் திறந்திருக்கிறது. பதிலே இல்லாமல் தொங்கினால் மூடியிருக்கிறது.

டிஎன்எஸ்ஸில் என்னென்ன பதிவுகள் வேண்டும்?

குழுக்களுக்கென்று ஒரு துணை டொமைன் வைத்துக்கொள்ளுங்கள், லிஸ்ட்ஸ் என்று தொடங்குவது வழக்கம். சங்கத்தின் மற்ற மின்னஞ்சல் வேறிடத்தில் இருந்தால் அதை இது தொடாது.

சர்வரின் ஐபியைக் காட்டும் ஏ பதிவு, மடலைப் பெறும் சர்வர் அந்தப் பெயர்தான் என்று காட்டும் எம்எக்ஸ் பதிவு. இவை இரண்டையும் எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். தவறுவது பிடிஆர் எனப்படும் தலைகீழ்ப் பதிவில். அதை டொமைன் வாங்கிய இடத்தில் தேடாதீர்கள், விபிஎஸ் வாடகைக்கு எடுத்த இடத்தில்தான் அமைக்க வேண்டும். ஐபியிலிருந்து பெயர், பெயரிலிருந்து அதே ஐபி என்று இரு பக்கமும் பொருந்த வேண்டும். சர்வருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தால் அதற்கும் தனியாக பிடிஆர் வேண்டும். அது முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸின் ஐநெட் ப்ரோட்டோகால்ஸ் அமைப்பை ஐபிவி4 என்று மாற்றிவிடுங்கள். ஒரு நாள் போகும் மடல் மறுநாள் திரும்புகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஐபிவி6தான் காரணம்.

அடுத்து எஸ்பிஎஃப்: எம்எக்ஸ் சர்வர் மட்டுமே இந்த டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று ஒரு வரி. பிறகு டிகேஐஎம் (மடலில் இடும் மின்கையெழுத்து): ஓப்பன்டிகேஐஎம் நிறுவி 2048 பிட் சாவி உருவாக்கி, பொதுச்சாவியை டிஎன்எஸ்ஸில் போட வேண்டும். டிஎன்எஸ்ஸில் ஒரு சரம் 255 எழுத்துக்குமேல் போகக்கூடாது, 2048 பிட் சாவியோ அதைவிட நீளம். ஆகவே அதை இரண்டு மேற்கோள் சரங்களாகப் பிரித்து ஒரே பதிவில் போடுங்கள். தனித்தனி இரண்டு பதிவாகப் போட்டால் கையெழுத்து செல்லாது. கடைசியாக டிமார்க்: இந்தச் சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்வது என்று சொல்லும் கொள்கை. 'நன்' (எதுவும் செய்ய வேண்டாம்) என்று தொடங்கலாம்.

நிறுவும் வரிசை என்ன?

இயங்குதளமாக டெபியன் லினக்ஸ் 12 அல்லது அதற்குப் பிந்தியது நல்லது. பைத்தான் பொதிகளைத் தனித்தனியாக நிறுவும் வழியும் உண்டு. ஆனால் சங்கத்தில் இதைப் பிறகு ஏற்கப்போகிறவர் உங்கள் அளவு பொறுமை உள்ளவராக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். டெபியன் பொதி பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகக் கொண்டுவரும்.

முதலில் சர்வரின் முழுப்பெயரை, பிடிஆரில் உள்ள அதே பெயரை, அமையுங்கள். பிறகு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், போஸ்ட்ஃபிக்ஸ், என்ஜின்எக்ஸ் வலைச் சர்வர். அதன் பிறகே மெயில்மேன்3-ஃபுல் பொதி. அது தரவுத்தளம் பற்றி இருமுறை கேட்கும், கோருக்கு ஒருமுறை, வலைப்பக்கத்துக்கு ஒருமுறை. இரண்டுக்கும் போஸ்ட்கிரெஸ் என்றே சொல்லுங்கள். எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் தொடங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த மாற்றம் பெரிய வேலை.

போஸ்ட்ஃபிக்ஸில் டிரான்ஸ்போர்ட் மேப்ஸ், லோக்கல் ரெசிபியன்ட் மேப்ஸ் இரண்டிலும் மெயில்மேன் உருவாக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் எல்எம்டிபி கோப்பைச் சேர்க்க வேண்டும். ரிலே டொமைன்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் டொமைன்ஸ் கோப்பு. ஓனர் ரிக்வெஸ்ட் ஸ்பெஷல் என்பதை நோ ஆக்குங்கள். ரெசிபியன்ட் டிலிமிட்டர் கூட்டல் குறியாக இருக்கட்டும், திரும்பி வரும் மடல் யாருடையது என்று மெயில்மேன் கண்டுபிடிக்க அது வேண்டும்.

வலைப்பக்க அமைப்புக் கோப்பு ஈடிசி அடைவில் மெயில்மேன்3 என்ற துணை அடைவுக்குள் இருக்கிறது. அலவ்ட் ஹோஸ்ட்ஸில் உங்கள் டொமைனைச் சேருங்கள். இல்லாவிட்டால் உலாவியில் 400 பிழை வரும். ஈமெயில்நேம் என்ற வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கும் ஒரு மாதிரிப் பெயர் இருக்கும், அதை மாற்றுங்கள். மறந்தால் கணக்கு தொடங்குவோருக்குப் போகும் சரிபார்ப்பு மடல் இல்லாத டொமைனிலிருந்து கிளம்பி எல்லா இடத்திலும் நிராகரிக்கப்படும். டைம் ஸோன் ஏசியா/கொல்கத்தா. வலைப்பக்கத்தின் பாதுகாப்புக்கான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் காலாவதியாகும் முன் புதுப்பிக்கப்பட வேண்டும், தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

மெயில்மேன் கட்டளைகளை ரூட் (முழு அதிகாரம் உள்ள) பயனராக இயக்காதீர்கள், டெபியனில் லிஸ்ட் என்ற பயனர் இருக்கிறார். ரூட்டாக ஒருமுறை இயக்கினாலும் சில கோப்புகள் ரூட்டின் உடைமையாகிவிடும். அடுத்த குழுவை உருவாக்கும்போது அந்தக் கோப்பை எழுத முடியாமல் மெயில்மேன் நிற்கும்.

குழுவுக்கு எழுதிய மடல் யாருக்கும் போகவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் போஸ்ட்ஃபிக்ஸ் பதிவேடு. அங்கே 'யூசர் அன்நோன் இன் லோக்கல் ரெசிபியன்ட் டேபிள்' என்றிருந்தால், அப்படி ஒரு குழு இருப்பது போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன மேப்ஸ் வரிகளைச் சரிபார்த்துவிட்டு மெயில்மேன் அலையசஸ் கட்டளையை இயக்குங்கள். 8024இல் 'கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு' என்றிருந்தால் கோர் ஓடவில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் மடலை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும், கோரை எழுப்பினால் தானே போய்ச் சேரும்.

இரண்டும் இல்லையென்றால் மெயில்மேனின் வரிசைகளைப் பாருங்கள். வார் அடைவில் லிப், மெயில்மேன்3, க்யூ. அங்கே ஷன்ட் என்ற அடைவில் கோப்பு இருந்தால் அந்த மடலைக் கையாளும்போது நிரல் பிழைபட்டு ஒதுக்கிவைத்திருக்கிறது. பதிவேட்டில் காரணம் இருக்கும். சரிசெய்த பிறகு மெயில்மேன் அன்ஷன்ட் என்றால் மீண்டும் புறப்படும். எதுவுமே இல்லையென்றால் மடல் மட்டுறுத்துநரின் (குழுவுக்குப் போகும் மடலைச் சரிபார்ப்பவரின்) ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. நடைமுறையில் மிக அடிக்கடி நடப்பது இதுதான், ஆகவே அதையே முதலில் பார்த்தாலும் தவறில்லை.

உறுதிப்படுத்தும் மடலில் எக்ஸாம்பிள் டாட் காம் என்று இணைப்பு வருகிறது. ஏன்?

ஜாங்கோ தானாக உருவாக்கும் தளப்பெயர் அது. ஜாங்கோ நிர்வாகப் பக்கத்தில் சைட்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் டொமைனாக மாற்றுங்கள். பிறகு போஸ்டோரியஸில் மடல் டொமைனை அந்தத் தளத்தோடு இணையுங்கள்.

மடல் எல்லோருக்கும் போகிறது, காப்பகம் மட்டும் காலியாக இருக்கிறது.

கோரும் ஹைப்பர்கிட்டியும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன. மெயில்மேன்-ஹைப்பர்கிட்டி அமைப்புக் கோப்பில் உள்ள ஏபிஐ கீயும், வலைப்பக்க அமைப்பில் உள்ள மெயில்மேன் ஆர்க்கைவர் கீயும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தும் 403 பிழை வந்தால் ஆர்க்கைவர் ஃப்ரம் பட்டியலில் சர்வரின் உள் முகவரி இல்லை. மடல்கள் தொலையவில்லை, ஸ்பூல் அடைவில் காத்திருக்கின்றன. சரிசெய்ததும் அடுத்த மடலோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

ஒருவர் யாஹூ முகவரியிலிருந்து எழுதினால் ஜிமெயில்காரர்களுக்குப் போகவில்லையே?

மடற்குழு நடத்துபவர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது இது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை ரிஜெக்ட் என்று மாற்றியது. யாஹூ பெயரில் வரும் மடல் யாஹூ சர்வரிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது யாஹூவின் கையெழுத்து கெடாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிராகரியுங்கள் என்று உலகத்துக்கே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வேறு பலரும் அந்த வழியில் வந்தார்கள். மடற்குழுவோ மடலை வாங்கித் தன் சர்வரிலிருந்து அனுப்புகிறது, ஆகவே முதல் நிபந்தனை விழுந்துவிட்டது. தலைப்பில் குழுப் பெயரும் அடியில் அடிக்குறிப்பும் சேர்த்ததும் கையெழுத்து உடைகிறது, இரண்டாவதும் விழுந்துவிட்டது. மடல் திரும்பி வருகிறது, பெற வேண்டியவர் கணக்கில் குற்றப்புள்ளி ஏறுகிறது. சில நாளில் எந்தத் தவறும் செய்யாத ஜிமெயில் உறுப்பினர்களுக்கு மடல் நின்றுபோகிறது.

தீர்வு இரண்டு. தலைப்பையும் உடலையும் தொடாமல் விடலாம், மூலக் கையெழுத்து பிழைக்கும். அல்லது டிமார்க் மிட்டிகேஷனில் மஞ்ச் ஃப்ரம் தேர்ந்தெடுக்கலாம். அப்போது அனுப்புநர் இடத்தில் உறுப்பினர் பெயரும் குழுவின் முகவரியும் சேர்ந்து வரும். பதில் எழுதும் முகவரியில் உண்மையான எழுத்தாளர் இருப்பார். சங்கக் குழுக்களுக்கு இரண்டாவதையே, எல்லா மடலுக்கும் நிபந்தனையின்றிப் பொருந்தும்படி வைக்கப் பரிந்துரைக்கிறோம். ஒருவர் பெயர் ஒரு விதமாகவும் இன்னொருவர் பெயர் வேறு விதமாகவும் தெரிந்தால் முதியவர்கள் குழம்புவார்கள்.

ஜிமெயிலின் புதிய விதிகள் நம்மைப் பாதிக்குமா?

2024 பிப்ரவரி முதல் யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், சரியான பிடிஆர், டிஎல்எஸ் குறியாக்கம் ஆகியவை வேண்டும். ஒரு நாளில் ஜிமெயில் கணக்குகளுக்கு 5,000 மடல் அளவை எட்டினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 உறுப்பினர், நாளுக்கு 10 மடல், மொத்தம் 3,000. தேர்தல் நாளிலோ வெள்ள நாளிலோ எளிதாக 5,000 தாண்டும். மூன்றையும் முதல் நாளே அமைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. ஸ்பேம் என்று உறுப்பினர் அழுத்தும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. விலகும் வழி தெரியாதவர்தான் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார். அடிக்குறிப்பில் விலகும் இணைப்பைத் தமிழில், முதல் வரியிலேயே எழுதிவையுங்கள்.

தொகுப்பு மடலில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது.

தொகுப்பு என்பது பல மடல்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்புவது. குழுவின் மொழி ஆங்கிலம் என்றிருந்தால் அதன் குறியேற்றம் பழைய அஸ்கியாக இருக்கும். அதில் தமிழ் இல்லை, ஆகவே ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிறது. மெயில்மேன் அமைப்புக் கோப்பில் லாங்வேஜ் டாட் இஎன் என்ற பகுதியைச் சேர்த்து, சார்செட் என்பதற்கு யுடிஎஃப்-8 என்று எழுதி, கோரை மறுபடி தொடங்குங்கள். தமிழில் எழுதிய அடிக்குறிப்பு தனி இணைப்பாக ஒட்டிக்கொண்டு வருவதும் இதோடு பெரும்பாலும் தீரும். வருங்கால மடல்களுக்குத்தான் இது பலிக்கும், ஏற்கெனவே போன தொகுப்பைத் திருத்த முடியாது.

சாதாரணக் கூட்டக் குறிப்பை 'மிகப் பெரிய மடல்' என்று நிறுத்திவைக்கிறதே?

இயல்பாக அமைந்த வரம்பு 40 கேபி. ஆங்கிலத்துக்கு அது பெரிய கடிதம், தமிழுக்கு இல்லை. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், மடலுக்காக பேஸ்64 ஆக்கும்போது அது 4 பைட். மெய்க்கு ஒரு புள்ளி, உயிர்மெய்க்கு ஒரு துணையெழுத்து என்று அவையும் தனித்தனிக் குறிகள்தான். போதாததற்கு ஜிமெயில் ஒரே உள்ளடக்கத்தை எளிய உரையாகவும் எச்டிஎம்எல்லாகவும் இருமுறை அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்தால் சுமார் 5,000 குறிகளில், அதாவது ஐந்நூறு அறுநூறு சொல்லில், வரம்பு வந்துவிடுகிறது. 500 கேபி என்று உயர்த்துங்கள். தொகுப்பு மடலின் வரம்பும் இயல்பில் 30 கேபிதான், அதையும் நான்கு மடங்காவது ஆக்குங்கள். இல்லாவிட்டால் நாளுக்கு ஒன்று என்று கேட்டவருக்கு நாளுக்கு ஐந்து வரும்.

காப்பகத்தில் 'தண்ணீர்' என்று தேடினால் தண்டையார்பேட்டை மடல் எல்லாம் வருகிறது!

வரத்தான் செய்யும். ஹைப்பர்கிட்டி இயல்பாகப் பயன்படுத்தும் வூஷ் தேடுபொறி, சொல் எது என்று பைத்தானின் விதிப்படி தீர்மானிக்கிறது. அந்த விதிக்குப் புள்ளியும் துணையெழுத்தும் சொல்லின் பகுதியாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் சொல்லை வெட்டிவிடுகிறது. தண்ணீர் என்பது தண, ண, ர என்று மூன்று துண்டாகிறது. ஓரெழுத்துத் துண்டுகளை அது தூக்கி எறிகிறது. மிஞ்சுவது தண. தண்டையார்பேட்டையிலும் மிஞ்சுவது அதே தண. தமிழ் மடலுக்கு இந்தத் தேடல் பயனற்றது. சேபியன் தேடுபொறிக்கு மாறுங்கள், அது துணையெழுத்தையும் சொல்லோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளும். மாற்றியபின் அட்டவணையை முழுவதுமாக மறுபடி கட்ட வேண்டும், இரவில் செய்யுங்கள். முடிந்ததும் இதே இரண்டு சொற்களைத் தேடிப் பாருங்கள், வேறு சோதனை வேண்டாம். காப்பகம் இருந்தும் தேட முடியாவிட்டால் அது பூட்டிய பீரோ மாதிரிதான். பலர் இதைக் கடைசி வேலையாகத் தள்ளிவிடுகிறார்கள், முதல் வாரமே முடித்துவிடுங்கள்.

டிடிபி கடையிலிருந்து வந்த அறிக்கையை ஒட்டினால் புரியாத எழுத்தாக வருகிறது.

அது யூனிகோடு இல்லை. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியது அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே தமிழாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே ஒட்டச் சொல்லுங்கள். பிடிஎஃப்பாக இணைத்தால் படிக்கலாம், ஆனால் காப்பகத்தில் தேட முடியாது. இதைக் குழு விதிகளில் ஒரு வரியாகச் சேர்ப்பது நல்லது.

குழுவின் முகவரியையே தமிழில் வைக்கலாமா?

டாட் இந்தியா என்று முடியும் தமிழ் டொமைன்கள் உண்டு. தமிழ் மின்னஞ்சல் முகவரிக்கான நெறிமுறையும் 2012 முதல் இருக்கிறது. ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் அதை ஏற்க வேண்டும், பல ஏற்பதில்லை. இப்போதைக்கு முகவரி ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். குழுவின் காட்சிப்பெயரைத் தமிழில் வையுங்கள்.

நான் அனுப்பிய மடல் எனக்கே வரவில்லை.

ஜிமெயில் பயன்படுத்துகிறீர்கள். நீங்கள் அனுப்பிய மடலின் அடையாள எண்ணோடு அதே மடல் குழுவிலிருந்து திரும்ப வரும்போது, ஏற்கெனவே இருக்கிறது என்று ஜிமெயில் அதை மறைத்துவிடுகிறது. காப்பகத்தில் பாருங்கள், அங்கே இருக்கும். சர்வரில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. புதிய உறுப்பினர் எல்லோருமே கேட்பார்கள் என்பதால் வரவேற்பு மடலிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் பொத்தானை அழுத்தினால் குழுவுக்குப் போக வேண்டுமா, எழுதியவருக்கா?

எழுதியவருக்கு. இதில் கருத்து வேறுபாடு உண்டு, எங்கள் நிலை இது. குழுவுக்குப் போகும்படி வைத்தால் உரையாடல் சூடாக இருக்கும், உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் செயலாளருக்குத் தனியாக எழுத நினைத்த மடல் 300 பேருக்குப் போய்விட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. எல்லோருக்கும் பதில் என்ற பொத்தான் எப்போதும் இருக்கிறது, அதைப் பழக்குங்கள்.

உறுப்பினர்களை எப்படிச் சேர்ப்பது?

இருக்கும் பட்டியலை ஒரு கோப்பில், வரிக்கு ஒருவராக, பெயரும் முகவரியும் எழுதி மெயில்மேன் ஆட்மெம்பர்ஸ் கட்டளைக்குக் கொடுக்கலாம். நேரடியாகச் சேர்க்காமல் அழைப்பு அனுப்பும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. அதைவிட முக்கியம், கேட்காமல் சேர்த்தவர்தான் ஸ்பேம் என்று அழுத்துவார். கையால் எழுதிய பதிவேட்டிலிருந்து தட்டிய முகவரிகளில் எழுத்துப்பிழை நிறைய இருக்கும். ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாமல், ஐம்பது, நூறு என்று பிரித்து அனுப்புங்கள், புதிய சர்வரிலிருந்து திடீரென்று குவியும் மடலைப் பெரிய சேவைகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

வலைப்பக்கத்திலிருந்து சேர்வோருக்குக் குறைந்தது மின்னஞ்சல் உறுதிப்பாடு கட்டாயமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய பெட்டியை நிரப்ப உங்கள் படிவத்தை ரோபோக்கள் பயன்படுத்தும், தடைப்பட்டியலில் ஏறுவது உங்கள் சர்வர்.

மட்டுறுத்துநர் எத்தனை பேர் வேண்டும்?

இரண்டு பேர், வெவ்வேறு நேரத்தில் மடல் பார்ப்பவர்களாக. உறுப்பினர் அல்லாதவர் எழுதினால் நிறுத்திவைக்கும் இயல்பை மாற்றாதீர்கள். புதிய உறுப்பினரின் முதல் இரண்டு மடல்களைப் பார்த்துவிட்டுத் திறந்துவிடலாம். நிறுத்திவைத்த மடலை ஒரு நாளுக்குமேல் கிடக்க விடாதீர்கள். நிராகரித்தால் காரணத்தை இரண்டு வரி எழுதுங்கள்.

சில உறுப்பினர்களுக்கு மடல் தானாக நின்றுவிட்டது.

திரும்பி வரும் மடலுக்கு நாளுக்கு ஒரு புள்ளி ஏறும். 5 புள்ளி சேர்ந்தால் அனுப்புவது நிற்கும். 7 நாள் மடல் எதுவும் திரும்பவில்லையென்றால் பழைய புள்ளி காலாவதியாகும். நின்றவருக்கு வாரம் ஒன்றாக மூன்று எச்சரிக்கை போகும், பிறகு நீக்கப்படுவார். ஒரே நாளில் பலருக்கு நின்றால் குற்றம் அவர்கள் பெட்டியில் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் பதிவேட்டில் 550 5.7.26 என்றிருந்தால் உங்கள் கையெழுத்துப் பதிவுகள் கெட்டிருக்கின்றன. 421 என்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள், தானாகச் சரியாகும்.

வெள்ளத்தில் சர்வர் இரண்டு நாள் நின்றால் மடல்கள் தொலையுமா?

தொலையாது. பெறும் சர்வர் பதில் சொல்லாவிட்டால் அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாள் விடாமல் முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பும் 5 நாள். மிக்ஜாம் புயலின்போது போல இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போனாலும், அதற்குள் சர்வர் எழுந்துவிட்டால் எல்லாம் வந்து சேரும். தொலைவது வட்டு கெட்டால்தான்.

ஆகவே நகல். போஸ்ட்கிரெஸில் தரவுத்தளம் இரண்டு, கோருடையது ஒன்று, வலைப்பக்கத்துடையது ஒன்று. காப்பகம் இரண்டாவதில் இருக்கிறது. கோரை மட்டும் நகலெடுத்து உறுப்பினர் பட்டியலை மீட்டு, மடல்களை எல்லாம் இழக்கும் வாய்ப்பு உண்டு. கூடவே ஈடிசியில் உள்ள மெயில்மேன்3 அடைவு, வார் அடைவில் உள்ள மெயில்மேன்3, டிகேஐஎம் தனிச்சாவி. இரவுதோறும் எடுத்து வேறு ஊரில் உள்ள ஓரிடத்துக்கு அனுப்புங்கள். சர்வரும் நகலும் ஒரே நகரில், ஒரே மழைக்குள் இருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள், மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

பழைய மெயில்மேன் 2 குழுவைக் கொண்டுவர முடியுமா?

முடியும். புதிய இடத்தில் அதே பெயரில் குழுவை உருவாக்கி, பழைய கான்ஃபிக் டாட் பிசிகே கோப்பை மெயில்மேன் இம்போர்ட்21 கட்டளைக்குக் கொடுங்கள். பழைய மடல்கள் உள்ள எம்பாக்ஸ் கோப்பை ஹைப்பர்கிட்டி இம்போர்ட் எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் குழுவின் தேடல் அட்டவணையைப் புதுப்பியுங்கள். இருபது ஆண்டுப் பழைய தமிழ் மடல்கள் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் இருக்கக்கூடும். அவை காப்பகத்தில் சிதைந்து தெரியும். எம்பாக்ஸின் மூலக் கோப்பை அழிக்காமல் பாதுகாத்து, நகல் ஒன்றில் மட்டும் யூனிகோடாக மாற்றி ஏற்றுங்கள்.

பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றும்போது எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும்?

டொமைன் பதிவு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், செயலாளரின் சொந்தக் கணக்கில் அல்ல. டொமைன் காலாவதியானால் சர்வர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஒரு மடலும் வராது, வேறொருவர் அந்தப் பெயரை வாங்கிவிட்டால் பழைய இணைப்பு ஒவ்வொன்றும் அவருடையது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பியுங்கள், புதுப்பிக்கும் தேதியைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். விபிஎஸ் கணக்கு, சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி, போஸ்டோரியஸ் தலைமைக் கடவுச்சொல், நகல் இருக்கும் இடம், நகலின் குறியாக்கச் சாவி ஆகிய ஐந்தையும் எப்போதும் இரண்டு பேர் வைத்திருக்க வேண்டும். புதியவர் வந்த நாளில் பழையவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, புதியவரே ஒரு சோதனைக் குழு உருவாக்கி, மடல் அனுப்பி, காப்பகத்தில் பார்த்து, அதை நீக்கட்டும். அதற்குப் பிறகு பழையவரின் சாவியைச் சர்வரிலிருந்து எடுத்துவிடலாம்.